அப்பா தூங்குறார், மெதுவாப் பேசு

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேச்சு வந்ததும் பழகிப்போன வாக்கியம் இது. அம்மா எங்களிடம் சொல்வார், நாங்கள் தெருப் பிள்ளைகளிடம் சொல்வோம். கீரைக்காரம்மாவும் தபால்காரரும் எங்கள் வாசலுக்கு வருமுன் ஜன்னலைப் பார்ப்பார்கள். கதவு சாத்தியிருந்து, உள்ளே கறுப்புத் துணி தொங்கினால் டிரைவர் ராத்திரி டூட்டி முடித்து வந்து படுத்திருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். குரல் கொடுக்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

போன மாதம் அப்பா காலமானார். 86 வயது. துக்கம் கேட்க வந்த இளைய பிள்ளைகள் சிலர், "தாத்தா ரயில்வேயில என்னவா இருந்தாங்க?" என்று கேட்டார்கள். மீட்டர் கேஜ் கரி இன்ஜின் டிரைவர் என்று சொன்னேன். தலையாட்டினார்களே தவிர, அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மீட்டர் கேஜையும் அவர்கள் பார்த்ததில்லை, கரி இன்ஜினையும் பார்த்ததில்லை. அந்த வேலை ஒரு மனிதரை என்ன செய்யும், அவர் மனைவியை, பிள்ளைகளை, பேத்தியை என்ன செய்யும் என்று எழுதிவைக்காமல் விட்டால் எங்கள் வீட்டோடு அது போய்விடும். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

அப்பா 1960-ல் விழுப்புரம் லோகோ ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்தார். ஷெட்டுக்குத் திரும்பிய இன்ஜினைத் துடைப்பது, சாம்பல் வாருவது, எண்ணெய் போடுவது எல்லாம் கிளீனர் வேலை. அங்கிருந்து செகண்ட் ஃபயர்மேன், ஃபர்ஸ்ட் ஃபயர்மேன், ஷண்டர், சரக்கு வண்டி டிரைவர், பிறகு பாசஞ்சர் டிரைவர். ஒவ்வொரு படிக்கும் பல வருஷம் ஆகும். பெயருக்கு முன்னால் 'டிரைவர்' என்று வருவதற்குள் தலையில் பாதி நரைத்திருந்தது என்று அம்மா சொல்வார்.

விழுப்புரம் அப்போது எப்படிப்பட்ட ஜங்ஷன் என்று சொல்ல வேண்டும். ஐந்து திசையில் பாதை பிரியும். வடக்கே எழும்பூர், கிழக்கே பாண்டிச்சேரி, மேற்கே திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி. தெற்கே இரண்டு வழி. விருத்தாசலம் வழியாகத் திருச்சி போவது கார்டு லைன். கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டு போவது மெயின் லைன். எழும்பூரிலிருந்து விழுப்புரம் வரை 1960களின் நடுவிலேயே மின்சாரம் வந்துவிட்டது. அதனால் தெற்கே போகிற வண்டிகளுக்கெல்லாம் விழுப்புரத்தில் இன்ஜின் மாற்றுவார்கள். மெயில், எக்ஸ்பிரஸ்களுக்கு டீசல் வந்த பிறகும் பாசஞ்சரும் சரக்கு வண்டியும் வெகுகாலம் கரியில்தான் ஓடின. பாசஞ்சருக்கு ஒய்.பி. இன்ஜின், சரக்குக்கு ஒய்.ஜி. அப்பாவுக்கு ஒய்.பி. பிடிக்கும், ஆனால் ஒய்.ஜி.யைத்தான் மதிப்பார். "அது சுமைக்குப் பிறந்தது, எவ்வளவு போட்டாலும் இழுக்கும்" என்பார்.

இப்போதெல்லாம் கரி இன்ஜினைப் பற்றி எல்லாரும் அழகாக எழுதுகிறார்கள். அந்தப் புகை, அந்தச் சத்தம் என்று ஏங்குகிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் வந்ததே இல்லை. அந்த இன்ஜின் தகட்டுமேல் நின்றவர் எங்கள் அப்பா. பாய்லருக்குள் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு அழுத்தம். முன்பக்கம் நெருப்பு, பின்பக்கம் மழையும் காற்றும். ஐப்பசி, கார்த்திகையில் முதுகு நனைந்திருக்கும், நெஞ்சு வெந்திருக்கும். ஃபயர்மேன் ஒரே மாதிரி, மெல்லிசாக, நெருப்புப் பெட்டி முழுவதும் பரவுகிற மாதிரி கரி வீச வேண்டும். ஓர் இடத்தில் குவிந்தால் புகை கறுக்கும், ஸ்டீம் இறங்கும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மட்டம் இறங்கி நெருப்புப் பெட்டியின் கூரை வெளியே தெரிந்தால் அங்கே இருக்கிற ஈயத் திருகு உருகிவிடும். ஆவி பீறிட்டு நெருப்பை அணைக்கும், வண்டி நடுவழியில் நிற்கும். பாய்லர் வெடிக்காமல் காப்பாற்றுவதற்காக வைத்த ஏற்பாடு அது. ஆனாலும் ஈயம் உருக விட்டவன் என்ற பெயர் ஷெட்டில் கடைசிவரை போகாது. அப்பாவுக்கு அந்தப் பெயர் வரவே இல்லை. இதை அவர் தன் வாயால் சொன்னதில்லை, அவரோடு வேலை பார்த்தவர்கள் துக்கத்துக்கு வந்தபோது சொன்னார்கள்.

அவருடைய நாள் எங்கள் நாளோடு சேராது. லிங்க் என்று ஒரு பட்டியல் உண்டு, எந்த வண்டிக்கு யார் என்று. அந்தப் பட்டியல்தான் எங்கள் வீட்டுக்குப் பஞ்சாங்கம். வண்டிக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்னால் டூட்டிக்குக் கூப்பிடும் கால் பாய் சைக்கிளில் வருவார். நள்ளிரவு, விடியற்காலை என்று கிடையாது. "டிரைவர் சார், கால்!" என்று கதவைத் தட்டுவார். அப்பா எழுந்து கால் புக்கில் கையெழுத்துப் போடுவார். அதற்குள் அம்மா அடுப்பைப் பற்றவைத்திருப்பார்.

அம்மாவுக்குப் பண்ருட்டிப் பக்கத்து ஊர். 1966-ல் கல்யாணம். வந்த முதல் வாரமே கால் பாய் கதவைத் தட்டியபோது திருடன் என்று பயந்துபோனாராம். பிறகு முப்பது வருஷம் அந்தத் தட்டலுக்கு அப்பாவுக்கு முன்னால் விழித்தவர் அவர்தான். புளிச்சோறும் வறுத்த அப்பளமும் கேரியரில் போகும். தயிர்ச்சோறு கொடுத்தால் இன்ஜின் சூட்டில் மாலைக்குள் புளித்துவிடும். வெளியூரில் தங்கும் ரன்னிங் ரூமில் சமைத்துக்கொள்ள அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் தனித்தனிப் பொட்டலமாக லைன் பெட்டிக்குள் போகும். அந்த இரும்புப் பெட்டியில் சிவப்பு, பச்சைக் கொடி, கை விளக்கு, ஆபத்துக்குத் தண்டவாளத்தில் வைக்கும் பட்டாசு, விதிப் புத்தகம், வேலை டைம்டேபிள் எல்லாம் இருக்கும். நடுவில் அம்மாவின் பொட்டலங்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெட்டியை அப்பா ஒருநாளும் தானே அடுக்கியதில்லை.

வெளியூரிலிருந்து திரும்பும்போது ஏதாவது வாங்கிவராமல் இருக்க மாட்டார். சித்திரை, வைகாசியில் பண்ருட்டிப் பலாச்சுளை, மற்ற நாளில் கும்பகோணம் கொழுந்து வெற்றிலை. வெற்றிலை அம்மாவுக்கு. வாழை மட்டையில் சுற்றி, தண்ணீர் தெளித்து, நெருப்புச் சூடு படாத மூலையில் வைத்துக் கொண்டுவருவார். அம்மாவிடம் அன்பாக நாலு வார்த்தை பேசி நாங்கள் கேட்டதில்லை. அந்த அனலில் அத்தனை மணி நேரம் வாடாமல் வந்த வெற்றிலையைப் பார்த்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்புறத்தில் நின்று கரியைக் கழுவுவார். அம்மா முதுகு தேய்த்துவிடுவார். சாப்பாடு, பிறகு தூக்கம். அம்மா அந்தத் தூக்கத்துக்குக் காவல். அம்மியில் அரைக்க மாட்டார். உரல் உலக்கை எல்லாம் அப்பா டூட்டிக்குப் போன பிறகுதான். பக்கத்து வீட்டில் கல்யாணத்துக்கு ரேடியோ செட் கட்டினால் நேரே போய்ப் பேசிவிட்டு வருவார். "ராத்திரி ஆயிரம் பேர் தூங்கிட்டே போவாங்க. அவங்க தூங்கணும்னா இவர் இப்பத் தூங்கணும்" என்பார். அம்மா பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. ரயில் பாதுகாப்பைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வேலை நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொடர்ந்து 14 மணி நேரம், அதற்கு மேலும் இன்ஜினில் நின்ற நாட்கள் உண்டு என்று அப்பா சொல்வார். 1973 ஆகஸ்டில் லோகோ தொழிலாளர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் பத்து மணி நேரம் என்ற வரம்பை அரசு ஒத்துக்கொண்டது. அடுத்த வருஷம் மே 8-ல் தொடங்கியது எல்லா ரயில்வே தொழிலாளர்களும் சேர்ந்த பெரிய வேலைநிறுத்தம். ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் 20 நாள் நடந்தது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் கைதானார்கள். எங்கள் காலனியில் ஆண்கள் யாரும் இரவில் வீட்டில் படுக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்டால் அம்மா அரசியல் பேச மாட்டார். "அந்த இருபது நாள் உங்கப்பா எங்க படுத்தார், தூங்கினாரா இல்லையான்னே எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொல்வார்.

எங்களுக்கு அவர் எப்படிப்பட்ட அப்பா? பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்ததில்லை. தீபாவளி, பொங்கலுக்குக்கூட லிங்க் ஒத்துவந்தால்தான். எண்ணெய் முழுக்கு சனிக்கிழமை என்று மற்ற வீடுகளில் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பா இருக்கிற நாள்தான் சனிக்கிழமை. ஆனால் இருக்கிற நேரத்தில் முழுசாக இருப்பார். எங்களைச் சுற்றி உட்காரவைத்துத் தானே சோறு பிசைந்து உருட்டித் தருவார். கரி ஏறிய விரல் ரேகை எவ்வளவு தேய்த்தாலும் வெளுக்காது. அந்தக் கையால் வாங்கிச் சாப்பிட எங்களுக்குள் போட்டி நடக்கும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதையும் சொன்னால் போதாது, திருப்பிச் சொல்ல வேண்டும். இன்ஜினில் கைகாட்டி தெரிந்ததும் டிரைவரும் ஃபயர்மேனும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது விதி. பாய்லர் நீளமாக முன்னால் நிற்பதால் வளைவில் டிரைவர் பக்கம் மறைகிற கைகாட்டி ஃபயர்மேன் பக்கம் தெரியும். கை இறங்கியிருந்தால் போகலாம், நீட்டியிருந்தால் நிற்க வேண்டும். இரவில் மண்ணெண்ணெய் விளக்கு, பச்சை, சிவப்பு. ஒருவர் சொல்ல, இன்னொருவர் கண்ணால் பார்த்துத் திருப்பிச் சொன்னால்தான் அது உண்மை. வீட்டிலும் அப்படியே. "கொல்லைக் கதவு சாத்தியாச்சா?" என்று கேட்டால் தலையாட்டக் கூடாது. "சாத்தியாச்சு" என்று வாயால் சொல்ல வேண்டும். "பரீட்சை நம்பர் எடுத்துக்கிட்டியா?" "எடுத்துக்கிட்டேன்பா." இன்றைக்கு எங்கள் பிள்ளைகளையும் நாங்கள் அப்படியே பழக்கியிருக்கிறோம்.

கண் பரிசோதனைதான் வீட்டில் பெரிய பயம். டிரைவர்களுக்குக் குறிப்பிட்ட வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை உண்டு. வயது ஏற ஏற அது அடிக்கடி வரும். பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போவார். தூரப் பார்வை, கிட்டப் பார்வை, புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் நிறப் புத்தகம் எல்லாம் பார்ப்பார்கள். தேறாவிட்டால் இன்ஜினிலிருந்து இறங்க வேண்டியதுதான். பரிசோதனைக்கு ஒரு மாதம் முன்னாலிருந்தே வீட்டில் தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை. அப்பா ஒருவருக்காக நாங்கள் எல்லாரும் சாப்பிட்டோம்.

ஒரு விஷயத்தை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். ஒருநாள் அப்பா வந்தார், குளித்தார், சாப்பிடவில்லை. கறுப்புத் துணி தொங்கியது, ஆனால் அவர் உள்ளே உட்கார்ந்தே இருந்தார். அவர் ஓட்டிய வண்டிக்கு முன்னால் ஒருவர் வந்து படுத்திருக்கிறார். வேகத்தில் வருகிற வண்டிக்கு பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். இது தெரியாதவர்கள் டிரைவர்மேல் பழி சொல்வார்கள். தெரிந்தவருக்கு அது ஆறுதலாக இருப்பதில்லை. அம்மா எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்று எங்களை ஒரு நேரமும் அதட்டவில்லை, ஆனால் வீட்டில் சத்தமே இல்லை. அடுத்த கால் வந்தபோது அப்பா எழுந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். இறந்தவரின் ஊர் எது, குடும்பம் எது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அவர் ஒருவேளை சாப்பிட மாட்டார். கடைசி வருஷம்வரை அது உண்டு.

பிறகு டீசல் பயிற்சி எடுத்துக்கொண்டு கொஞ்ச காலம் டீசல் ஓட்டினார். 1996-ல், 58 வயதில் ஓய்வு. இரண்டே வருஷத்தில் ஓய்வு வயதை 60 ஆக்கினார்கள். "உங்களுக்குக் கிடைக்கலையே" என்று யாராவது சொன்னால், "போதும்யா, அம்மா எவ்வளவு நாள்தான் கதவு தட்டறதுக்கு முழிப்பா" என்பார்.

ஓய்வு பெற்றபின் இரவில் தூக்கம் வரவில்லை. உடம்புக்கு அது பழக்கமே இல்லை. ஒரு மணி, இரண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. இன்ஜின் சத்தத்தில் வாழ்ந்த பலருக்கும் அப்படித்தான். அந்தச் சமயத்தில்தான் என் மகள் பிறந்தாள். தாய்வீட்டில் இருந்த மூன்று மாதமும் ராத்திரி குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு உலாத்தியது அப்பாதான். "நீ தூங்கும்மா, இது என் டூட்டி" என்பார். பிள்ளைகளான எங்களை அந்த வயதில் அவர் இரவில் தூக்கியிருக்க வாய்ப்பே இல்லை. பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த அந்த மூன்று மாதத்தில் அப்பாவின் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பேத்திக்கு நடக்க வந்ததும் பாடம் ஆரம்பித்துவிட்டது. சாலையைக் கடக்குமுன் தாத்தா "வண்டி இல்லை" என்பார். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு "வண்டி இல்லை" என்று சொல்ல வேண்டும். பாஸில் எங்கேயாவது ரயிலில் போனால் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். அவள் "தாத்தா, இப்ப எங்க?" என்று கேட்பாள். சக்கரச் சத்தத்தை வைத்தே சொல்வார். மந்தமான காதுக்கு அது மட்டும் எப்படியோ கேட்டது, அல்லது உடம்பில் தெரிந்தது. "பரங்கிப்பேட்டை தாண்டியாச்சு." "சிதம்பரம் வரப்போவுது, வண்டி இளைக்குது." "இது கொள்ளிடம் பாலம்." ஒன்றும் தப்பாது. ரோடு தெரிந்த டிரைவர் என்று ஷெட்டில் சொல்வார்கள். பாதையின் ஒவ்வொரு ஏற்றமும் வளைவும் ரயில்வே கேட்டும் இருட்டில் தெரிந்திருக்க வேண்டும். விழுப்புரத்திலிருந்து மாயவரம் வரையிலான மீட்டர் கேஜை 2006 கடைசியில் மூடி அகலப் பாதை ஆக்கினார்கள். 2010-ல் திரும்ப வண்டி ஓடியபோது அப்பா சாதாரண டிக்கெட் எடுத்து மாயவரம்வரை போய்விட்டு வந்தார். "நல்லாப் போட்டிருக்கான். ஆடலை" என்றார். பழையது போய்விட்டதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலை தெரிந்தவர் இன்னொருவர் செய்த நல்ல வேலையைப் பாராட்டினார், அவ்வளவுதான்.

என் மகள் இப்போது நர்ஸ். இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டு காலையில் வருவாள். முதல் நாள் அவள் வந்து படுத்ததும் அப்பா எழுந்துபோய்ப் பழைய பெட்டியிலிருந்து அந்தக் கறுப்புத் துணியை எடுத்து ஜன்னலில் கட்டினார். அம்மா இத்தனை வருஷம் அதைத் தூக்கிப்போடாமல் மடித்து வைத்திருந்தார் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிறகு நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். பார்சல் கொண்டுவரும் பையன் மணியை அழுத்துமுன் கையைக் காட்டி நிறுத்துவார். குக்கர் விசில் வந்தால் அம்மாவையே கடிந்துகொள்வார். எண்பதைத் தாண்டிய மனிதர், பேத்தி விழிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார். "பகல் தூக்கம் கடன் வாங்கின காசு மாதிரி. யாரும் அதுல கை வைக்கக் கூடாது" என்பார். உடம்பு முடியாமல் போகும்வரை இது நடந்தது.

கடைசி நாட்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. வலி கொஞ்சம், நாட்கள் கொஞ்சம். பேத்திதான் மருந்து கொடுத்தாள். "மாத்திரை போட்டாச்சா தாத்தா?" என்று அவள் கேட்பாள். "போட்டாச்சு" என்று அவர் திருப்பிச் சொல்வார். அம்மா இப்போதும் விடியற்காலையில் எழுந்துவிடுகிறார். அப்பாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கான தாள்களை நாங்கள் எழுதிக்கொடுத்தபோது, அப்பாவின் வேலை என்ற இடத்தில் 'டிரைவர்' என்று அம்மாவே தன் கையால் எழுதினார்.

ஒரு விண்ணப்பம். எங்களிடம் அப்பா இன்ஜினில் நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்தில் கேமரா யாரிடம் இருந்தது? 1960 முதல் 1996 வரை விழுப்புரம் ஷெட்டிலோ, மாயவரம், திருச்சி ரன்னிங் ரூமிலோ இருந்தவர்களின் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், வீட்டிலிருக்கும் பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். ஓய்வு விழா, யூனியன் கூட்டம், ஆயுத பூஜைக்கு மாலை போட்ட இன்ஜின் முன்னால் வரிசையாக நிற்கிறவர்கள், எதுவானாலும் சரி. பெரியவர்கள் இருக்கும்போதே யார் யார் என்று கேட்டுப் படத்தின் பின்னால் எழுதிவையுங்கள். அதில் ஒருவர் எங்கள் அப்பாவாக இருந்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும்.